மோவாயைத் தூக்காத உயரம்

ஒரு தட்டு, அதைத் தாங்க இரண்டு கை, அடியில் ஒரு பலகை, மேலே லேப்டாப். ஸ்டாண்டு என்றால் அவ்வளவுதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் போன வருடம் வரை நானும் நினைத்திருந்தேன். எட்டு மாதமாக இந்தப் பொருள் மண்டையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. "திரை கண் மட்டத்துக்கு வரணும்" என்று பார்ப்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்களே, அதை அச்சு அசலாகக் கடைப்பிடித்தேன். கழுத்துவலி குறையவில்லை, கூடிவிட்டது. அறிவுரை தப்பா, வாங்கிய ஸ்டாண்டு தப்பா, நான் உட்காரும் விதம் தப்பா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே போனதில், நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒரு இடத்தில் விஷயம் போய் நின்றது.

எனக்கு 47 வயது. மந்தைவெளியில் வீடு. மொழிபெயர்ப்பும் மெய்ப்புப் பார்ப்பதும் வேலை. ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் தமிழைத் திரையில் பார்த்துக்கொண்டும் தட்டிக்கொண்டும் இருக்கிறேன். தனியாக எழுதுமேசை கிடையாது, சாப்பாட்டு மேசைதான். ராத்திரி ஏழரை மணிக்கு அதைத் துடைத்துத் தட்டு வைத்தாக வேண்டும். பெரிய மானிட்டர் வாங்கி வைத்துக்கொள்ளேன் என்று சொல்பவர்களுக்கு இதற்கு மேல் என்ன பதில் சொல்வது? தினமும் எடுத்து வைத்து, தினமும் விரிக்கிற மாதிரி ஏதாவது இருந்தால்தான் இந்த வீட்டில் நடக்கும்.

வலி முதலில் பிடரியில் ஆரம்பித்தது. அப்புறம் வலது தோள்பட்டைக்கு இறங்கியது. ஒருநாள் மாடவீதியில் காய்கறி வாங்கிக்கொண்டு வரும்போது பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன், வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது. எத்தனை நாளாக அப்படி மாற்றிக்கொண்டிருக்கிறேனோ. பிசியோதெரபி பார்க்கும் அம்மையார், வீட்டில் எப்படி உட்கார்கிறீர்களோ அப்படியே உட்கார்ந்து காட்டுங்கள் என்றார். காட்டினேன். தலை முன்னால் தொங்கியது. நம் தலை ஏறக்குறைய 5 கிலோ. 2014-ல் கென்னத் ஹான்ஸ்ராஜ் என்கிற அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் ஒரு கணினி மாதிரியை வைத்துக் கணக்குப் போட்டார். தலை 15 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் விழும் சுமை 12 கிலோ அளவுக்கு, 30 டிகிரியில் 18, 60 டிகிரியில் 27 கிலோ. உயிருள்ள கழுத்தில் அளந்த கணக்கு இல்லை, மாதிரியில் போட்ட கணக்குதான். இருந்தாலும் 27 கிலோ என்று படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது ரேஷன் அரிசி மூட்டை. சரி, ஸ்டாண்டு வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

ஒட்டிப் பிறந்த இரண்டு

வாங்குவதற்கு முன் புத்தகங்களை அடுக்கிப் பார்த்தேன். இதை எல்லோருக்கும் சொல்வேன். பழைய அகராதி ஒன்று, அதன் மேல் இரண்டு தீபாவளி மலர், அதன் மேல் லேப்டாப். ஒரு வாரம் அப்படியே வேலை செய்தால் உங்களுக்கு என்ன உயரம் வேண்டும் என்று காசு செலவில்லாமல் தெரிந்துவிடும். எனக்கு இரண்டாம் நாளே வேறொன்று தெரிந்தது. பிடரி லேசானது, ஆனால் தோள் இரண்டும் காதைத் தொடும் அளவுக்கு ஏறிக்கொண்டன. திரையோடு சேர்ந்து கீபோர்டும் மேலே போய்விட்டதே! கையைத் தூக்கியபடி பரணில் எதையோ துழாவுவது போலத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தட்டச்சுப் பயிலகம் ஞாபகம் வந்தது. 1995-ல் பிளஸ் டூ முடித்த விடுமுறையில் மயிலாப்பூரில் ஒரு மாடியில் தமிழ்த் தட்டச்சில் லோயர் தேர்வுக்குப் படித்தேன். பத்து பன்னிரண்டு ரெமிங்டன்கள் ஒரே நேரத்தில் சடசடக்கும். மாஸ்டர் நடந்துகொண்டே இருப்பார், வரிசையாக முதுகுகளைப் பார்த்துக்கொண்டே. "முதுகு நேரா. முழங்கை விலாவோட. பார்வை பேப்பர்ல." இந்த மூன்றும்தான் அவர் வாயில். இன்று யோசித்துப் பார்த்தால், அவர் சொன்னபடி உட்கார முடிந்ததற்குக் காரணம் அங்கிருந்த மரச்சாமான்கள். மிஷின் இருந்த மேசை சாதாரண எழுதுமேசையைவிடத் தாழ்வு, அதனால் முழங்கை தொங்கிய இடத்திலேயே விரல் எழுத்தைத் தொடும். பார்க்க வேண்டிய தாளோ இடது பக்கம் ஒரு சாய்ந்த தகரத் தாங்கியில் உயரமாக நிற்கும். கைக்கு ஒரு உயரம், கண்ணுக்கு ஒரு உயரம். இரண்டும் வெவ்வேறு பொருள், வெவ்வேறு இடம்.

லேப்டாப் இந்த இரண்டையும் ஒரு கீல் போட்டு ஒட்டிவிட்டது. திரையைக் கீபோர்டின் மேல் மடித்து மூடும் இந்த வடிவம் 1982-ல் வந்த கிரிட் காம்பஸில் தொடங்கியது, பில் மாக்ரிட்ஜ் வடிவமைத்தது. பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போவதற்கு அதைவிட நல்ல வடிவம் கிடையாது. நாற்பது வருடம் தாண்டியும் யாரும் மாற்றவில்லையே. ஆனால் எடுத்துப் போவதற்காகப் பிறந்த ஒன்றின் முன்னால்தான் நாம் எட்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறோம். கை இடத்தில் இருந்தால் கண் குனிய வேண்டும், கண் இடத்தில் இருந்தால் கை ஏற வேண்டும். இதில் நம் உடம்பின் குறை எதுவும் இல்லை. அதனால் அடித்துச் சொல்கிறேன்: தனிக் கீபோர்டும் மவுஸும் இல்லாமல் நாள் முழுக்கத் தட்டுவதற்காக ஸ்டாண்டு வாங்காதீர்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லையென்றால் முதலில் கீபோர்டை வாங்குங்கள். தாங்குவதற்குப் புத்தகம் போதும்.

நான் 600 ரூபாய்க்கு ஒயர் உள்ள சாதாரணக் கீபோர்டு வாங்கினேன். அதை வைத்ததும் அடுத்த பிரச்சினை. மேசை 75 செ.மீ. உயரம். நாற்காலி 45. நான் ஐந்தடி ஒரு அங்குலம். கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கினால் தரையிலிருந்து 67 செ.மீ.தான் வருகிறது. அதாவது கீபோர்டு எனக்கு ஒரு சாண் இல்லாவிட்டாலும் நான்கு விரல்கடை உயரத்தில் இருக்கிறது. மேசையை அறுக்க முடியாது. கெட்டியான மெத்தை ஒன்றை நாற்காலியில் போட்டேன். கால் தரையில் படவில்லை. ஊரிலிருந்து வந்த பழைய மணை ஒன்று பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது, அதைக் காலுக்கடியில் போட்டேன். ஸ்டாண்டு என்று ஆரம்பித்து மணையில் வந்து நிற்கிறாளே என்று தோன்றலாம். ஆனால் இந்த வரிசைதான் சரி என்று நம்புகிறேன். முதலில் கால், அப்புறம் இடுப்பு, அப்புறம் முழங்கை, கடைசியில்தான் கண். கண்ணிலிருந்து ஆரம்பித்தால் மற்றதெல்லாம் அந்தரத்தில் நிற்கும்.

ரிச்சி தெருவில் ஒரு மாலை

இணையத்தில் முதலில் வாங்கியது எக்ஸ் போல மடியும் பிளாஸ்டிக் வகை. கைக்கு அடக்கம், மடித்தால் குடை மாதிரி ஆகிவிடும். படிபடியாக வெட்டு இருக்கும், ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு உயரம். பயணத்துக்கு அதை இன்னமும் எடுத்துப் போகிறேன். ஆனால் அந்த வகையில் உயரம் ஏற ஏறச் சாய்வும் கூடும். லேப்டாப்பின் பின்பக்கம் தூக்கத் தூக்க, திரையை அவ்வளவுக்கு அவ்வளவு பின்னால் விரிக்க வேண்டும். அடித்தட்டு 30 டிகிரி சாய்ந்திருந்தால் திரை செங்குத்தாக நிற்கவே 120 டிகிரி விரிய வேண்டும், கொஞ்சம் பின்னால் சாய்க்க 130, 135. என்னுடையது அதற்கு மேல் திறக்காது. கடைசி வெட்டில் வைத்தால் திரை என்னைப் பார்க்காமல் என் கழுத்தைப் பார்த்தது.

எனவே இரண்டாவதை நேரில் பார்த்துத்தான் வாங்குவது என்று, லேப்டாப்பைத் தோள்பையில் போட்டுக்கொண்டு பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தேன். சாயங்காலக் கூட்டம். நரசிங்கபுரம் தெரு முனையில் சார்ஜர் ஒயர்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கும் ஒரு சின்னக் கடையில், அந்தத் தம்பி அலமாரியிலிருந்து நான்கு ஸ்டாண்டுகளை எடுத்துக் கண்ணாடிப் பலகை மேல் வரிசையாக வைத்தார். "மேடம், உங்க லேப்டாப்பையே வெச்சுப் பாருங்க, சும்மா தட்டைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது." இதைச் சொன்னதற்காகவே அவரிடம் வாங்கியிருப்பேன்.

ஒற்றைக் காலில் வளைந்து நிற்கும் அலுமினியம் ஒன்று பார்க்க அழகு. உயரம் மாற்ற முடியாது, விட்டுவிட்டேன். இரண்டு மூட்டு வைத்து இசட் போல மடிவதில் இரண்டு இருந்தன. முதலாவதில் லேப்டாப்பை வைத்துத் திரையின் மேல் மூலையை ஒரு விரலால் தள்ளினேன், ஆடி அடங்க நேரம் எடுத்தது. அவர் மேசை டிராயரிலிருந்து ஒரு எல் கீயை எடுத்து, மூட்டில் உள்ள ஸ்க்ரூவை முக்கால் சுற்று முடுக்கினார். மறுபடி தள்ளினேன். ஆட்டம் பாதியானது. "இது லூசாகிட்டேதான் வரும், சாவி கூடவே குடுத்துடுவேன், தொலைச்சிடாதீங்க." இரண்டாவதில் மூட்டு இன்னும் இறுக்கம். ஒரு கையால் மடக்கவே முடியவில்லை, அடிப்பலகையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தூக்க வேண்டியிருந்தது. அதுதான் வேண்டும். லேசாக மடங்குகிற மூட்டு லேப்டாப்பின் எடையிலும் லேசாக மடங்கும். அடிப்பலகை கனமாக இருக்கிறதா, தட்டின் நடுவில் காற்றுப் போகத் திறப்பு இருக்கிறதா (மே மாதம் விசிறிச் சத்தம் கேட்பவர்களுக்குத் தெரியும்), முன்னால் லேப்டாப் நழுவாமல் பிடிக்கிற கொக்கியில் ரப்பர் இருக்கிறதா, இவ்வளவுதான் பார்த்தேன். 1,400 சொன்னார், 1,250-க்குக் கொடுத்தார்.

அம்மா கேட்ட கேள்வி

வீட்டுக்கு வந்து டேப் எடுத்து அளந்தேன். உட்கார்ந்த நிலையில் மேசையிலிருந்து என் கண் 42 செ.மீ. லேப்டாப் மேசையில் இருக்கும்போது திரையின் மேல் விளிம்பு 22 செ.மீ. ஆக 20 செ.மீ. தூக்க வேண்டும். துல்லியமாக அந்த உயரத்தில் வைத்தேன். மேல் விளிம்பு கண்ணுக்கு நேர். கீபோர்டு முழங்கைக்கு நேர். கால் மணையில். படத்தில் போடுவார்களே, அப்படி ஒரு உட்காரல். எனக்கு உள்ளூர ஒரு திருப்தி.

மூன்று வாரத்தில் பிடரியின் மேல்பக்கம், மண்டையோடு ஆரம்பிக்கும் அந்தக் குழியில், புதிதாக ஒரு வலி வந்தது. முன்பு இருந்தது இழுக்கிற வலி. இது நசுக்குகிற வலி. ஸ்டாண்டை இன்னும் ஒரு செ.மீ. ஏற்றிப் பார்த்தேன், கூடியது. தலையணையை மாற்றினேன். தைலம் தேய்த்தேன். வலி அங்கேயே இருந்தது.

அம்மா எங்களோடுதான் இருக்கிறார். மதியம் கூடத்து சோபாவில் பக்கவாட்டில் உட்கார்ந்து பூத் தொடுப்பார், அங்கிருந்து பார்த்தால் நான் பக்கவாட்டில் தெரிவேன். ஒருநாள் நாரை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டார்: "ஏண்டி, மதில் மேல எட்டிப் பார்க்கிற மாதிரியே மோவாயைத் தூக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்க?"

நான் தூக்கவில்லையே என்றேன். "தூக்கிட்டுத்தான் இருக்க. காலையிலேர்ந்து பார்க்கிறேன்."

அப்படியே அசையாமல் இருந்தேன். ஆமாம், தூக்கிக்கொண்டுதான் இருந்தேன். மெல்ல மோவாயை இறக்கினேன். இறங்க இறங்க, திரையில் இருந்த வரி கரைந்தது. முழுக்க மறையவில்லை, எழுத்துகளின் ஓரம் மட்டும் மெழுகு மாதிரி இளகியது. அப்போது ஒரு மெய்ப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் கீழே ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றும்போது ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்திருக்கும், அதைப் பிடிப்பதுதான் என் வேலையில் பாதி. மோவாயை இறக்கினால் அந்தக் கோடு போய்விடுகிறது. தூக்கினால் வருகிறது. இறக்கினேன், போனது. தூக்கினேன், வந்தது. நாலைந்து தரம் அப்படிச் செய்து பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளெழுத்து வந்து நான்கு வருடம் ஆகிறது. நான் போட்டிருப்பது புரோகிரசிவ் லென்ஸ். மேல்பகுதி தூரத்துக்கு, கீழ்ப்பகுதி படிக்க, நடுவில் ஒரு ஒடுக்கமான வழி, இடைப்பட்ட தூரத்துக்கு. கண்ணுக்கு நேராக 58 செ.மீ. தள்ளி ஒரு திரையை நிறுத்தினால், அதை நான் லென்ஸின் மேல்பகுதி வழியாகப் பார்க்கிறேன். அந்தப் பகுதி தெருமுனையில் வரும் பஸ் நம்பரைப் படிக்க உண்டானது. 58 செ.மீ.யில் உள்ள எழுத்துக்கு அது உதவாது. தெளிவாகத் தெரிய வேண்டுமானால் லென்ஸின் கீழ்ப்பாதி திரைக்கு நேராக வர வேண்டும், அதற்கு மோவாய் மேலே போக வேண்டும். மூளை என்னைக் கேட்காமலே அதைச் செய்துகொண்டிருந்தது. நாள் முழுக்கத் தலை பின்னால் மடங்கி, பிடரிக் குழி நசுங்கி.

கண் மட்டம் என்கிற அறிவுரை பொய் இல்லை. கண்ணாடி போடாதவருக்கு, அல்லது ஒரே பவர் உள்ள கண்ணாடி போட்டவருக்கு, அது சரியான தொடக்கம். அதிலும் அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் வழிகாட்டுதல், மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே, திரையின் நடு 15 முதல் 20 டிகிரி தாழ்வாக என்றுதான் சொல்கிறது. தூரத்துக்கும் படிக்கவும் இரட்டைப் பவர் உள்ள கண்ணாடி (பைஃபோகல்) போடுபவர்கள் தலையைப் பின்னால் சாய்த்துவிடுவார்கள், அவர்களுக்குத் திரை இன்னும் இறங்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. இருக்கிறது, ஆனால் நம்மிடம் வந்து சேருவது முதல் பாதி மட்டும்தான். ஸ்டாண்டு விற்கும் படங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோருக்கும் 25 வயது. வீட்டிலிருந்து வேலை செய்யும் என் வயதுக்காரர்கள் எத்தனை பேர் இதே மாதிரி, சொன்னபடி செய்தும் வலிக்கிறதே என்று தங்கள் உடம்பையே நொந்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

அன்றைக்கே இறக்கினேன். டேப்பைப் பார்க்காமல், கண்ணை மூடித் தலையைச் சரியாக வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்து, எழுத்து தெளியும் வரை திரையைக் கீழே கொண்டுவந்தேன். அம்மா பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னும் கொஞ்சம். ம். இப்போ சரி." அளந்தால் 11 செ.மீ. கணக்குப் போட்டு வைத்ததில் ஏறக்குறைய பாதி. திரையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்ததும் இன்னும் நன்றாக இருந்தது. இரண்டு வாரத்தில் அந்த நசுக்கல் போய்விட்டது. பழைய இழுப்பு எப்போதாவது சாயங்காலம் எட்டிப் பார்க்கும், எழுந்து நாலு நடை நடந்தால் சரியாகிவிடும்.

ஒரே ஸ்டாண்டு, இரண்டு பேர்

உயரம் மாற்றும் வகையைத்தான் வாங்க வேண்டும் என்று இன்று யார் கேட்டாலும் சொல்வேன். ராத்திரி சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்த பிறகு அதே லேப்டாப்பில் என் மகள் கல்லூரி வேலையைச் செய்கிறாள். அவள் ஐந்தடி ஆறு அங்குலம், கண்ணாடி கிடையாது. என் உயரத்தில் வைத்தால் அவள் குனிகிறாள், அவள் உயரத்தில் வைத்தால் நான் அண்ணாந்து பார்க்கிறேன். தினமும் இரண்டு முறை தடவித் தடவிச் சரிசெய்துகொண்டிருந்தோம். அப்புறம் அவள்தான் ஒரு வழி பண்ணினாள். மேசை சுவரை ஒட்டி இருக்கிறது. குளியலறைக் கண்ணாடியில் ஒட்டுகிற மாதிரி, திரையின் மேல் விளிம்புக்கு நேராகச் சுவரில் இரண்டு ஸ்டிக்கர் பொட்டு. மேலே கறுப்பு, அவளுடையது. கீழே மெரூன், என்னுடையது. விளிம்பைப் பொட்டுக்கு நேராகக் கொண்டுவந்தால் முடிந்தது.

போன மாதம் கண்ணாடிக் கடையில் எல்லாவற்றையும் சொன்னேன். பவர் பார்த்த பெண், திரை எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று கேட்டார். 58 செ.மீ. என்றேன். டேப் வைத்து அளந்து வந்த ஆளைப் பார்த்ததில் அவருக்குச் சந்தோஷம். அந்தத் தூரத்துக்கு மட்டும் ஒரே பவரில் தனியாக ஒரு கண்ணாடி போட்டுக் கொடுத்தார். மேசையை விட்டு எழுந்தால் கழற்றிவிட வேண்டும், தூரத்தில் எதுவும் தெரியாது. ஆனால் லென்ஸ் முழுக்க, மேலே கீழே எங்கு பார்த்தாலும், எழுத்து ஒரே மாதிரி நிற்கிறது. ரகரத்தின் கோடு தலையைத் தூக்காமலே தெரிகிறது.

முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் திரை தாழ்வாகத் தெரிந்தது. ஒரு கையால் அடிப்பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெல்லத் தூக்கினேன். பூவைக் கீழே வைத்துவிட்டு அம்மா பக்கத்திலிருந்து பார்த்தார், போதும் என்றார். என் பொட்டைச் சுவரிலிருந்து உரித்து, இரண்டு விரல்கடை மேலே ஒட்டினேன்.